மேக்ஸ் ரீட்ரான்ஸ்மிட்டை எட்டாக்கும் முன்

"சிக்னல் சரியில்லை, பாக்கெட் தொலைகிறது, மேக்ஸ் ரீட்ரான்ஸ்மிட்டை நாலிலிருந்து எட்டாக்கிவிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். மேக்ஸ் ரீட்ரான்ஸ்மிட் என்பது பதில் வராத செய்தியை அதிகபட்சம் எத்தனை தடவை மறுபடி அனுப்பலாம் என்ற எண். சின்னக் கருவிகள் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் கோஆப் நெறிமுறையில் அந்த ஒரு எண்ணைத் தொட்டால் இன்னும் நாலைந்து எண்கள் கூடவே நகரும். அவற்றில் சில உங்கள் கருவியிலேயே இல்லை, சர்வரில் இருக்கின்றன. போன மாதம் ஒரு மீட்டிங்கில் இதை வாயால் விளக்கி யாருக்கும் புரியவில்லை என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன், இனிமேல் லிங்க் கொடுத்தால் போதும்.

நாங்கள் செய்வது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி, ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம், தண்ணீர்த் தொட்டிகளில் மட்டம் பார்க்கிற சென்சார் மாட்டுகிறோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் அடிபட்டுப் பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வராமல் போனதிலிருந்து அந்தப் பக்கம் தொட்டியில் எவ்வளவு மிச்சம் என்பது வீடு, கோயில், பள்ளிக்கூடம் எல்லோருக்கும் தினசரிக் கேள்வி. சென்சார் பேட்டரியில் ஓடும், என்பி-ஐஓடி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் கருவிகளுக்கான மொபைல் நெட்வொர்க்) மோடம் வழியாக, யுடிபி என்ற எளிய அனுப்புமுறை மேல் கோஆப் பேசும். சில இடங்களில் பம்பை இயக்கும் பெட்டியும் உண்டு, அது மட்டும் கரண்டில் ஓடும்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7252 என்ற இணையத் தர ஆவணம்தான் இதற்கு மூலநூல். யுடிபி தன் பங்குக்கு எதையும் திருப்பி அனுப்பாது என்பதால் கோஆப் இரண்டு வகைச் செய்தி வைத்திருக்கிறது: ஒப்புகை (வந்து சேர்ந்தது என்ற பதில்) கேட்கும் கன்ஃபர்மபிள், ஒப்புகை கேட்காத நான்-கன்ஃபர்மபிள். முதல் வகையில் ஒப்புகை வராவிட்டால் அதே மெசேஜ் ஐடியோடு (செய்தியின் அடையாள எண்) மறுபடி அனுப்பும். எப்போது அனுப்பும் என்பதை மூன்று எண்கள் முடிவு செய்கின்றன. ஒப்புகைக்குக் காத்திருக்கும் நேரமான ஆக் டைமவுட் 2 நொடி, அதை ஏதோ ஒரு அளவுக்கு நீட்டும் ஆக் ரேண்டம் ஃபேக்டர் 1.5, மேக்ஸ் ரீட்ரான்ஸ்மிட் 4. அதாவது முதல் காத்திருப்பு 2-க்கும் 3-க்கும் நடுவே ஏதோ ஒரு எண், அப்புறம் ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பு. மொத்தம் ஐந்து தடவை அனுப்பிப் பார்த்து, அதிகபட்சம் 93 நொடியில் கைவிட்டுவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இணையத்தில் பரவலாக ஓடும் டிசிபி நெறிமுறை போல கோஆப் சுற்றுநேரத்தை அளந்து பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளாது. டிசிபி 1988-லிருந்தே, வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளரின் புண்ணியத்தில், போய்வரும் நேரத்தையும் அதன் ஏற்ற இறக்கத்தையும் கணக்கு வைத்துக்கொண்டு டைமரை நகர்த்துகிறது. கோஆப்பின் மூலநூலில் அதெல்லாம் கிடையாது, 2 என்றால் 2. சின்னக் கருவிகளுக்காக எழுதியது, எளிமையாக இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை, ஆனால் அளக்கிற வேலை அப்படியே நம் தலையில் விழுகிறது.

சரி, அளந்தால் என்ன தெரிகிறது? எங்கள் களப்பணி பார்க்கிற அண்ணா டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், பாட்டியிடம் கற்ற தமிழை என்னிடம்தான் செலவழிக்கிறார். ஒரு நாள் செத்துப்போன பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"தம்பி, இது வருஷம்கூடத் தாண்டல. பக்கத்து வீட்டுல உள்ளது நல்லா ஓடுது. ஒரே பெட்டி, ஒரே பேட்டரி, ஒரே நாள்ல மாட்டினது."

"பக்கத்து வீட்டுத் தொட்டி எங்கண்ணா இருக்கு?"

"முன்னால, ரோட்டோரம். இது பின்னால, ரிடெய்னிங் வாலுக்கும் மேட்டுக்கும் நடுவுல."

அதுபோதும். இந்த ஊரின் குன்றுகளைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடுக்கில் சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரியும். என்பி-ஐஓடி ஆழமான இடங்களில் வேலை செய்வதே ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப ரேடியோவில் சொல்லித்தான். மேலே போகும் திசையில் 128 தடவை வரை, கீழே வரும் திசையில் 2048 தடவை வரை அது தானாகவே சொல்லும். மிக மோசமான இடத்திலும் அவசரச் செய்தி 10 நொடிக்குள் போக வேண்டும் என்பதுதான் அதை வடிவமைத்தவர்கள் வைத்த இலக்கு, அவ்வளவு தாராளமான இலக்கு. அதன் தலைமேல் உட்கார்ந்துகொண்டு கோஆப் 2 நொடியில் பொறுமை இழக்கிறது.

அந்த வீட்டுச் சென்சாரை மாற்றிவிட்டு சர்வர் பக்கம் வயர்ஷார்க் (பாக்கெட்டுகளைப் பார்க்கும் மென்பொருள்) போட்டுப் பார்த்தேன். ஒரே மெசேஜ் ஐடி மூன்று தடவை, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு நொடிக்குள் வந்து விழுகிறது, அப்புறம் நீண்ட அமைதி. நடந்தது இதுதான்: 0 நொடியில் முதல் பாக்கெட், 2.4-இல் இரண்டாவது, 7.2-இல் மூன்றாவது. ஆனால் மோடம் டவரோடு தொடர்பு பிடிக்கவே எட்டு நொடி ஆகிறது. மூன்றும் மோடத்தின் வரிசையில் காத்திருந்து கதவு திறந்ததும் மொத்தமாக ஓடிவருகின்றன. ஒன்றுகூடத் தொலையவில்லை! மாடியில் இருக்கும் பையன் "வரேன்மா" என்று படியிறங்கி வருவதற்குள் அம்மா கீழேயிருந்து மூன்று தடவை கத்திவிட்ட கதை. இங்கே ஒவ்வொரு கத்தலுக்கும் பேட்டரி போகிறது, ஏனென்றால் ரேடியோவும் ஒவ்வொரு நகலையும் தன் பங்குக்குப் பல தடவை திருப்பிச் சொல்லும். இரண்டு அடுக்குகள், இரண்டுமே நம்பகத்தன்மைக்காக உழைக்கின்றன, ஒன்றுக்கு மற்றது இருப்பது தெரியாது.

ஆகவே பேட்டரிச் சென்சார்களில் ஆக் டைமவுட்டை 10 ஆக்கி, மேக்ஸ் ரீட்ரான்ஸ்மிட்டை 2-ஆகக் குறைத்தோம், ரேண்டம் ஃபேக்டரைத் தொடவில்லை. குறைத்தால் நம்பகம் போய்விடாதா என்று கேட்பவர்கள் கணக்கைப் பாருங்கள். முதல் அனுப்புதலிலிருந்து கடைசி அனுப்புதல் வரை ஆகக்கூடிய அதிகபட்ச நேரம் பழைய அமைப்பில் 2 பெருக்கல் 15 பெருக்கல் 1.5, அதாவது 45 நொடி. புதியதில் 10 பெருக்கல் 3 பெருக்கல் 1.5, அதுவும் அதே 45. கைவிடும் நேரம் 93-இலிருந்து 105 ஆகிறது, அவ்வளவுதான். அதே கால அளவைத்தான் வலைவீசிப் பிடிக்கிறோம், ஐந்து தடவைக்குப் பதில் மூன்று தடவையில். நடுவில் போன இரண்டு பாக்கெட்டுகள் பெரும்பாலும் தேவையில்லாதவை. ரோட்டோரத் தொட்டிக்கு இது கொஞ்சம் மந்தமான அமைப்புதான், ஒரு பாக்கெட் உண்மையிலேயே தொலைந்தால் 2 நொடியில் மீண்டிருக்க வேண்டியது 10 நொடி ஆகும். தண்ணீர் மட்டத்துக்கு அந்த 8 நொடி யாருக்கு வேண்டும்? கரண்டில் ஓடி, வைஃபையில் பேசும் பெட்டிகளுக்கு 2, 4 என்ற பழைய எண்களே நன்றாக இருக்கின்றன, அங்கே கை வைக்காதீர்கள். கீழ்நோக்கியும் போகாதீர்கள், ஆக் டைமவுட்டை 1 நொடிக்குக் கீழே இறக்குவது நெரிசல் பற்றிய பொது விதிகளையே மீறுவது என்று மூலநூலே எச்சரிக்கிறது.

இப்போது அந்த எட்டுக்கு வருவோம். டைமவுட் 2, மேக்ஸ் ரீட்ரான்ஸ்மிட் 8 என்று வைத்தால் கடைசி அனுப்புதல் 765-ஆவது நொடி வரை தள்ளிப்போகலாம், கைவிடுவது 1533-இல். இருபத்தைந்து நிமிடம்! அதுவரை அந்தச் செய்தியை மெமரியில் வைத்திருக்க வேண்டும், அது பரவாயில்லை. ஆனால் என்ஸ்டார்ட் என்று இன்னொரு எண் இருக்கிறது, அதன் இயல்பு மதிப்பு 1, ஒரு சர்வரோடு ஒரு நேரத்தில் ஒரு பேச்சுதான் நிலுவையில் இருக்கலாம் என்று அர்த்தம். ஆக, "தொட்டி 61 சதவீதம்" என்ற பழைய செய்தி இருபத்தைந்து நிமிடம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, "தொட்டி காலி" என்ற அலாரம் அதன் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். அப்படியானால் என்ஸ்டார்ட்டையும் ஏற்றிவிடலாமே என்பார்கள் அடுத்து. ஏற்றலாம், ஆனால் அப்போது நெரிசலைக் கட்டுப்படுத்தும் வேறு ஏற்பாட்டை நீங்களே எழுத வேண்டும், எழுதுவீர்களா?

எட்டு கேட்பவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது. 2023-இல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்டத்தைப் பார்த்த ஊருக்கு அந்தப் பயம் இருப்பது நியாயம்தான், 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் நிம்மதியாக இருந்து, 2025 ஜனவரி முடிகிற நேரத்தில் மறுபடி தலைகாட்டியபோது எல்லாருக்கும் பழைய ஞாபகம் வந்தது. கரண்ட் போனால் டவர் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும், அடுத்தடுத்துப் போனால் அந்த பேட்டரி முழுதாக ஏற நேரம் கிடைக்காது, சில இடங்களில் பேட்டரியையே திருடிவிடுகிறார்கள். டவர் செத்தால் இரண்டு மணி நேரம், இரண்டரை மணி நேரம் ஒன்றும் இல்லை. இதை எட்டு தடவை அனுப்பித் தாண்ட முடியாது, இருபத்தைந்து நிமிடத்தில் அதுவும் கைவிட்டுவிடுமே. ரீட்ரான்ஸ்மிஷன் என்பது ஒரு பாக்கெட் தொலைந்தால் பயன்படுவது, நெட்வொர்க்கே தொலைந்தால் அல்ல. அதற்கு மேலே அப்ளிகேஷனில் வேலை செய்ய வேண்டும்: கைவிட்டதும் ரீடிங்கை ஃபிளாஷ் மெமரியில் நேரத்தோடு எழுதி வை, மோடத்தைத் தூங்கப் போடு, கால் மணி கழித்து ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, பிறகு மணிக்கு ஒன்று என்று முயற்சி செய், பிடித்ததும் சேர்த்து வைத்ததை ஒரே செய்தியில் அனுப்பு. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கோஆப் அடுக்கில் சின்ன எண்ணாக வைத்து விரைவில் தோற்கவிடுவது இதற்கு உதவியாகவே இருக்கிறது.

இன்னும் ஒரு படி முன்னால் போய்க் கேட்டால், எல்லாச் செய்திக்கும் ஒப்புகை எதற்கு? அரை மணிக்கு ஒருமுறை வரும் மட்டம், ஒன்று போனால் அடுத்தது வந்து அதை மூடிவிடும். அதை நான்-கன்ஃபர்மபிளாக அனுப்பினால் போதும். ஆனால் அதை மட்டும் மாற்றிவிட்டு பேட்டரி மிச்சம் என்று நம்பாதீர்கள். நான்-கன்ஃபர்மபிள் கோரிக்கைக்கும் சர்வர் வழக்கம்போலப் பதில் அனுப்பும், அதை வாங்க ரேடியோ விழித்திருக்கும். ஆர்எஃப்சி 7967-இல் நோ-ரெஸ்பான்ஸ் என்று ஒரு ஆப்ஷன் உண்டு, 26 என்ற மதிப்பு போட்டால் எந்தப் பதிலும் வேண்டாம் என்று அர்த்தம். கூடவே மோடத்திடம் ரிலீஸ் அசிஸ்டன்ஸ் குறிப்பில் "இதற்கு மேல் ஒன்றுமில்லை" என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நெட்வொர்க் தன் டைமர் தீரும்வரை இணைப்பைப் பிடித்தபடியே இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. எங்களுக்கு பேட்டரி ஆயுளில் டைமவுட் மாற்றியதைவிட இதுதான் அதிகம் கொடுத்தது.

தினமும் ஒரு ரீடிங்கை மட்டும் கன்ஃபர்மபிளாக அனுப்புகிறோம், சர்வர் உயிரோடிருக்கிறதா என்று கருவிக்கும் தெரிய வேண்டுமல்லவா. இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல, கோஆப்பின் அப்சர்வ் விரிவாக்கத்திலேயே (மதிப்பு மாறினால் சர்வரே தானாகச் சொல்லும் ஏற்பாடு) 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஒப்புகை கேட்டாக வேண்டும் என்று விதி இருக்கிறது, அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டோம். அலாரங்கள் எப்போதும் கன்ஃபர்மபிள். பம்பு கட்டளையும் அப்படியே.

பம்பு என்றதும் இரண்டு விஷயம். ஒப்புகை வந்தது என்றால் செய்தி சேர்ந்தது என்றுதான் பொருள், பம்பு ஓடியது என்று அல்ல. ரிலே (மின் சுவிட்ச்) விழுந்து தண்ணீர் ஓட்டம் தெரியச் சில நொடிகள் ஆகும், அதனால் பெட்டி முதலில் வெறும் ஒப்புகையைக் கொடுத்துவிட்டு நிஜமான பதிலைத் தனிச் செய்தியாகப் பிறகு அனுப்புகிறது. அந்தப் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை ஆக் டைமவுட் கவனிக்காது, தனி டைமர் வேண்டும். இரண்டாவது, கட்டளையை "மாற்று" என்று எழுதாதீர்கள், "ஓடு" அல்லது "நில்" என்று புட் முறையில் (மதிப்பை நேரடியாக எழுதும் கோரிக்கை) எழுதுங்கள், இரண்டு தடவை வந்தாலும் விளைவு ஒன்றாக இருக்கும். வரத்தான் செய்யும். ஒரு செய்தி நகலா புதிதா என்று பார்ப்பவர் அனுப்பியவரின் முகவரி, போர்ட், மெசேஜ் ஐடி மூன்றையும் வைத்துத்தான் தீர்மானிக்கிறார். நடுவில் மொபைல் கம்பெனியின் முகவரி மாற்றும் நேட் பெட்டி போர்ட்டை மாற்றிவிட்டால் அதே செய்தி வேறு ஆளிடமிருந்து வந்தது போலத் தெரியும்.

நகலைக் கண்டுபிடிக்க வாங்குபவர் வைத்திருக்கும் அந்த ஞாபகத்துக்கும் ஒரு ஆயுள் உண்டு, எக்ஸ்சேஞ்ச் லைஃப்டைம். இயல்பு எண்களோடு அது 247 நொடி: 45 நொடி அனுப்பும் காலம், போக வர 100 நொடி வீதம் 200, செயல்பட 2. நான் முதல் பத்தியில் சர்வரிலும் எண்கள் நகரும் என்றது இதைத்தான். எங்கள் 10, 2 அமைப்பில் செயல்படும் நேரமும் ஆக் டைமவுட்டோடு 10 ஆவதால் இது 255 ஆகிறது, சர்வரையும் ஏற்றிவிட்டோம், சின்ன மாற்றம். எட்டு போட்ட அமைப்பில் 967. ஒரு பக்கம் எட்டு வைத்துவிட்டு மறுபக்கத்தை 247-இல் விட்டால், பத்து நிமிடம் கழித்து வரும் நகல் புத்தம் புதுச் செய்தியாகத் தெரியும், வேலை இரண்டாம் தடவை நடக்கும்.

இதற்கு நேர் எதிரான கூத்து ஒன்றையும் பார்த்தோம். டோங்காட் பக்கம் ஒரு கோயிலின் பம்பு பெட்டி, வேறொருவரிடம் வாங்கியது, தனி ஏபிஎன்னில் (மொபைல் நெட்வொர்க்கில் தனி வாசல்) நிலையான முகவரியோடு இருந்தது. கரண்ட் திரும்பி வந்தால் இங்கே பெரும்பாலும் ஒரே தடவையில் நிற்காது, எல்லார் வீட்டு கீசரும் ஃப்ரிட்ஜும் ஒன்றாக இழுக்க, மறுபடி டிரிப் ஆகி, ஓரிரு நிமிடத்தில் மறுபடி வரும். பெட்டியும் இரண்டு தடவை பூட் ஆகிறது. ஒவ்வொரு பூட்டிலும் மெசேஜ் ஐடியை 1-இலிருந்து தொடங்குகிறது, போர்ட்டும் அதே 5683. இரண்டாவது பூட்டில் அனுப்பிய புது ரீடிங்கைப் பார்த்து சர்வர் "இது ஏற்கெனவே பார்த்ததாயிற்றே" என்று பழைய ஒப்புகையையே எடுத்துக் கொடுத்துவிட்டது. பெட்டிக்குச் சந்தோஷம், சர்வருக்கும் சந்தோஷம், லாகில் ஒரு பிழை இல்லை, ரீடிங் மட்டும் எங்கும் இல்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் வந்து நிற்கும் நாளில் தொட்டி எவ்வளவு என்று திரை பழைய எண்ணைக் காட்டினால் கோயில்காரர் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சர்வரின் 247-ஐக் குறைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, கூடாது என்று தடுத்தேன், அது நோயை விட்டு நோயாளியை வெட்டுவது. மெசேஜ் ஐடியை ஒவ்வொரு பூட்டிலும் ஏதோ ஒரு ரேண்டம் எண்ணிலிருந்து தொடங்க வேண்டும், மூலநூலே அப்படித்தான் பரிந்துரைக்கிறது. அந்தத் திருத்தம் ஃபர்ம்வேரில் வந்த பிறகு சரியானது.

கரண்ட் திரும்பும் நேரத்துக்கு இன்னொரு ஏற்பாடும் தேவை. ஒரு பகுதியின் பெட்டிகள் எல்லாம் ஒரே நொடியில் உயிர்பெற்று ஒரே நொடியில் "நான் வந்துவிட்டேன்" என்று அனுப்பும். ரேண்டம் ஃபேக்டர் இதைப் பிரித்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பிரிக்காது, அது மறு அனுப்புதல்களைத்தான் சிதறடிக்கும், முதல் அனுப்புதலை அல்ல. அதுவும் இயல்பு எண்களில் முதல் மறு அனுப்புதல் 2-க்கும் 3-க்கும் நடுவே, ஒரே ஒரு நொடி அகலத்துக்குள்தான். பூட் ஆனதும் 0-விலிருந்து 5 நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருந்துவிட்டு முதல் செய்தியை அனுப்பு என்று ஒரு வரி சேர்த்தோம். அண்ணாவுக்கு இது பிடிக்கவில்லை, பெட்டியை மாட்டிவிட்டு ஏணியில் நின்றபடி ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டதாம். நியாயம்தான், இப்போது பெட்டியில் இருக்கும் பட்டனை அழுத்திப் பூட் செய்தால் காத்திருப்பு இல்லை.

எதை மாற்றினாலும் மேசையில் சோதித்துவிட்டு மாற்றுங்கள். லினக்ஸ் கணினி ஒன்றை நடுவில் வைத்து, நெட்வொர்க்கை வேண்டுமென்றே கெடுத்துக் காட்டும் டிசி கட்டளையின் நெட்எம் மூலம் 8 நொடி தாமதம், 2 நொடி ஏற்ற இறக்கம், 10 சதவீத இழப்பு போட்டால் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தொட்டி ஏறக்குறைய மேசைக்கு வந்துவிடும். ஏற்ற இறக்கம் போட்டால் பாக்கெட் வரிசை மாறியும் வரும், அதை அணைக்காதீர்கள், நகல் கண்டுபிடிக்கும் நிரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதுவே வழி. வயர்ஷார்க்கில் மெசேஜ் ஐடியையும் நேரத்தையும் மட்டும் நெடுவரிசைகளாக வைத்துக்கொண்டு, ஒரே ஐடி எத்தனை தடவை வருகிறது, எந்த இடைவெளியில் வருகிறது என்று பாருங்கள். இழப்பை 0 ஆக்கின பிறகும் ஒரே ஐடி இரண்டு மூன்று தடவை வந்துகொண்டிருந்தால் உங்கள் ஆக் டைமவுட் இன்னும் சின்னது.

ஒரு இரவு முழுக்க ஓடவிட்டு, நடுநடுவே பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். இரண்டாம் தடவை செருகுவது அந்த 247 நொடி தீரும் முன், நாலு நிமிடத்துக்குள் இருக்கட்டும்.